ரத்தக் குழாயின் உட்சுவரையும் கவனிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ரத்தக் குழாய்' என்று சொல்லிச் சொல்லியே அதைத் தண்ணீர்க் குழாய் போல நினைக்கப் பழகிவிட்டோம். கொழுப்பு படிந்து அடைத்ததால் அழுத்தம் ஏறிவிட்டது என்கிறார்கள். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அப்படி வருவதில்லை.

குழாயின் உட்புறத்தில் உயிரணுக்கள் ஒரே ஓர் அடுக்காகப் பதிந்திருக்கின்றன. ரத்தம் உரசி ஓடும்போது அவை நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கும். அது சுற்றியுள்ள தசையைத் தளர்த்த, குழாய் விரியும். இதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998ல் நோபெல் பரிசு கிடைத்தது. புகைபிடிப்பது, நீரிழிவு, அதிக உப்பு ஆகியவை அந்த வாயுவைக் குறைத்துவிடுகின்றன. தசை இறுகி, அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் அதே உட்சுவரை மேலும் கெடுக்கிறது. இவ்வளவு நடந்தும் உடம்பில் வலி எதுவும் தெரியாது, அதுதான் கொடுமை.

உட்சுவரைச் சோதிக்க வழி உண்டு. கையைப் பட்டையால் ஐந்து நிமிடம் இறுக்கி, தளர்த்தியதும் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். அது பெரும்பாலும் ஆய்வுக்கான சோதனை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அதைக் கேட்டு அலைய வேண்டாம்.

வேகநடை ரத்த ஓட்டத்தைக் கூட்டி, அந்த அணுக்களுக்கு வேலை கொடுக்கிறது. வாரத்திற்கு 150 நிமிடம் போதும். உப்புதான் நம் பெரிய சிக்கல். நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு, வரம்பு. 2022 ஆய்வில் சிங்கப்பூரர்களின் சராசரி 3,620. மீ (நூடுல்ஸ்) சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடிக்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் வேண்டாம். பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறுமுன் மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து.

கீரையிலுள்ள நைட்ரேட்டை நாக்கிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றித் தந்தால்தான் உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்யும். கிருமிநாசினி வாய்க்கழுவி அவற்றையும் கொன்றுவிடும். பல் மருத்துவர் சொல்லாமல் அதைத் தினமும் பயன்படுத்த வேண்டாம்.

வீட்டில் அளப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்கவேண்டும். அதற்கு முந்திய அரைமணி நேரம் காப்பி, சிகரெட் கூடாது. காலையில் மாத்திரைக்கு முன்பும், மாலையிலும் ஏழு நாள் குறித்து, முதல் நாளைக் கழித்துச் சராசரி பாருங்கள். 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அந்தத் தாளுடன் மருத்துவரிடம் போங்கள். எண் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அது குறைந்திருப்பதே மாத்திரையால்தான்.

இப்படிக்கு,
சுகாதாரத் துறை வாசகர்,
ஈசூன்