ஓரத்தில் நிற்பவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துச் செய்திகளில் தலைமைப் பயிற்சியாளர்களின் பெயர்களே நிறைந்திருக்கின்றன. (கைக்கே வேலை அதிகமுள்ள அந்த ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தது தனி வழக்கு!) எதிரணியை முன்னேற விடாமல் தடுக்கும் வித்தையைச் சொல்லித்தருபவர்களைப் பற்றியும் எழுதலாமே.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக அணியின் பட் ஃபாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மர்ரி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகி, தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமருடன் 1987-இல் வர்ஜீனியா டெக் இருக்கும் பிளாக்ஸ்பர்க் ஊருக்கு வந்தவர். 1995 முதல் 2019 வரை தற்காப்பு அவர் பொறுப்பில் இருந்தது. 2015-ஆம் ஆண்டுப் பருவத்தோடு பீமர் விடைபெற்றார். அடுத்து வந்தவரும் ஃபாஸ்டரை விடவில்லை. 2006-இல் ஃபாஸ்டர், நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதைப் பெற்றார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒரு சாப்பாட்டுப் பெட்டிதான். சுரங்கத் தொழிலாளி வேலைக்கு எடுத்துச்செல்வாரே, அதுபோல அடிபட்டு நசுங்கிய தகரப் பெட்டி. அதைத் தற்காப்பு ஆட்டக்காரர்களின் சின்னமாக்கினார்கள். உழைப்பால் தேறியவர் கையில்தான் அது மைதானத்துக்குப் போனது. இத்தனைக்கும் ஃபாஸ்டர் வர்ஜீனியா டெக்கில் கடைசிவரை தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை.

அடுத்த முறை அணியின் படத்தை வெளியிடும்போது, ஓரத்தில் நிற்பவரின் பெயரையும் அச்சிடுங்கள்.

– தங்கள் நெடுநாள் வாசகர்