ஈழத்தலரித் தடியும் மாரி மழையும்

திருகோணமலை
புரட்டாதி

அன்பின் சிவா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் சுகம் என்றறிந்து சந்தோசம். இங்கே கச்சான் காற்று ஓய்ந்து வருகிறது, இனி வாடை பிடித்துவிடும். அதுதான் சுணங்காமல் எழுதுகிறேன். மதிலுக்காகத் தறித்த ஈழத்தலரியின் (புளுமேரியா) கொப்புகளை நிலாவெளி வளவில் இப்பவே ஊன்றப் போவதாக எழுதியிருக்கிறாய். நிலத்தில் ஊன்றாதே மச்சான். மெக்சிக்கோ, மத்திய அமெரிக்காப் பக்கத்து மரம் அது. வெயிலையும் வறட்சியையும் தாங்கும். வேர் இல்லாத தடி கார்த்திகை மழையில் நின்றால் அடி அழுகிப் போகும்.

முதலில் இனம். நீ பூவை மட்டும் நாலு பக்கத்தாலும் படம் எடுத்திருக்கிறாய். பூவை வைத்துச் சொல்ல முடியாது. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் ரூப்ரா, ஒப்டூசா என்ற இரண்டு இனத்திலும் உண்டு. இலை நுனியைத்தான் பார்க்க வேண்டும். கூராக முடிந்தால் ரூப்ரா. மழுங்கி வட்டமாக, கரும்பச்சையாய் மினுங்கினால் ஒப்டூசா. அது பெரும்பாலும் இலையோடேயே நிற்கும். இரண்டும் கலந்த கலப்புச் சாதிகளும் உண்டு, அவற்றில் யாரும் அடித்துச் சொல்ல ஏலாது. உன் மூன்றாவது படத்தின் மூலையில் ஒரு இலை தெரிகிறது: நுனி கூர், பக்க நரம்புகள் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரே கோட்டில் போய்ச் சேருகின்றன. ரூப்ராதான். வருடத்தில் கொஞ்சக் காலம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும், பட்டுப்போனதென்று தறித்துவிடாதே. தங்கச்சி வீட்டு வாசலில் நிற்பது, இலை நாகம் படமெடுத்த மாதிரி என்கிறாயே, அது புடிகா என்ற இன்னொரு இனம். பூ அள்ளிக் கொட்டும், வாசம் குறைவு.

இனித் தடி. சாம்பல் நிறத்தில் முற்றிய கொப்பாக, ஒன்றரை அடி நீளத்தில் எடு. பச்சைக் கொப்பு சீக்கிரம் அழுகும். இலைகளையும் மொட்டையும் நறுக்கிவிடு. வேர் வருமுன் பூத்தால் தடியின் சக்தி அதிலேயே போய்விடும். வெட்டுவாயில் பால் வடியும், கண்ணில் படாமல் பார். பிறகு மழை படாத, காற்றோட்டமான நிழலில் இரண்டு கிழமை சாய்த்து வை. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். அதற்கு மேலும் சில கிழமை கிடந்தாலும் பழுதில்லை, தோல் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். அவசரப்பட்டு ஈரவாயோடு ஊன்றுவதால்தான் பாதித் தடிகள் போகின்றன.

ஓட்டையுள்ள சாடியில் ஆற்றுமணல் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. மூன்று நாலு அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்காதே. பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, தடியை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டு. காற்றில் ஆடினால் புது வேர் அறுந்துவிடும். ஒருமுறை தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் படும் தாழ்வாரத்தில் வை. கூரைத் தண்ணீர் சாடிக்குள் விழக்கூடாது. பிறகு மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம்.

நுனியில் இலை வந்தவுடன் வேர் பிடித்துவிட்டதென்று நினைக்காதே. முதல் இரண்டு மூன்று இலை தடியில் இருக்கிற சத்திலேயே வரும். அந்த நேரம் வாளியால் ஊற்றுகிறவர்கள்தான் தடியைக் கொல்கிறார்கள். இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். அடியைப் பெருவிரலால் அமத்திப் பார்: கல்லுப்போல் இருந்தால் சரி. மெத்தென்று அமிழ்ந்தால் உடனே பிடுங்கி, வெள்ளைச் சதையும் பாலும் தெரியும்வரை மேலே மேலே வெட்டி, திரும்பக் காயவிடு. கறுப்புக் கோடு ஒன்று மிஞ்சினாலும் அழுகல் ஏறும்.

மாசியில் மழை விட்டபின் நிலத்துக்கு மாற்று. ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் விழும் இடம், கிணற்றடி ஈரத்திலிருந்து தள்ளி. யூரியா போடாதே. இலை தழைக்கும், பூ வராது. ஒவ்வொரு பூங்கொத்துக்கும் பிறகு அந்த நுனி இரண்டு மூன்றாகக் கிளைக்கும், அடுத்த பூ அந்தப் புது நுனிகளில். அதனால் வருடாவருடம் நுனி கத்தரித்தால் பூவையே கத்தரிக்கிறாய்.

மாரியில் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் படியும். அது துருநோய். மரம் சாகாது. விழுந்த இலையைக் கூட்டி எரித்தால் போதும், மருந்துக்குக் காசு கரைக்காதே.

நாலு தடியாவது வை, ஒன்றிரண்டு போகத்தான் செய்யும். மிஞ்சினால் எனக்கொன்று.

அன்புடன்,
குமார்