'பொறுத்துப் பார்க்கலாம்' என்று சொல்வதற்கு முன்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தை மருத்துவர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும்,

வணக்கம். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), குழந்தை உளவியல் ஆகிய துறைகளில் இருந்துகொண்டு சிறு குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிடும் நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. "பிள்ளை இன்னும் பேசவில்லை", "கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்று ஒரு பெற்றோர் உங்களிடம் வந்தால், வெறுமனே "பொறுத்துப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

இரண்டு வயதில் பேச்சுத் தாமதமாகும் குழந்தைகளில் பலர் தாங்களாகவே தேறிவிடுகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதை ஐந்து நிமிடச் சந்திப்பில் எவராலும் கணிக்க முடியாது என்பதுதான் சிக்கல். ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும், அப்பாவும் அப்படித்தான் இருந்தார் என்ற சமாதானங்கள் பெற்றோரின் கவலையைத் தணிக்கும். குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பொறுப்பதென்றால் அதற்குள் மூன்று காரியங்கள் நடக்கட்டும்: செவிப் பரிசோதனை, ஒரு வளர்ச்சிச் சல்லடை வினாத்தாள் (விரிவான மதிப்பீடு யாருக்குத் தேவை என்று பிரித்தெடுக்கும் கேள்விகள்), மறுபடி வர வேண்டிய தேதி.

முதலில் காது. பிறந்தவுடன் செய்த ஓ.ஏ.ஈ. என்னும் செவிப் பரிசோதனையில் தேறியது என்ற பழைய சீட்டைக் கண்டு விட்டுவிடாதீர்கள். அந்தப் பரிசோதனை உட்செவியின் மயிர்ச்செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. செவி நரம்பில் கோளாறு இருந்தால் தப்பவிட்டுவிடும். பிறந்த பிறகு வரும் செவித்திறன் இழப்பும் அதில் தெரிய வழியில்லை. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் கோத்து, ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் மங்கும். வீட்டில் அதைப் "பிடிவாதம்" என்பார்கள். நடுச்செவியைச் சோதிக்கும் டிம்பனோமெட்ரியும், தேவைப்பட்டால் ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளக்கும் பெராவும் எடுக்க அனுப்புங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது பேச்சு ஒலிகளைப் பிரித்துக் கேட்கிறான் என்பதற்குச் சான்றாகாது.

அடுத்தது வினாத்தாள். ஆட்டிசத்துக்கான எம்-சாட் என்னும், பெற்றோர் பதிலளிக்கும் வினாத்தாளின் திருத்தப் பதிப்பு 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது; 20 கேள்விகள். அதைப் பயன்படுத்துபவர்களிடம் இரண்டு பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். 2, 5, 12 ஆகிய கேள்விகளுக்கு மட்டும் "ஆம்" என்பதே கவலைக்குரிய பதில், மற்றவற்றுக்கு "இல்லை". இதைக் கவனிக்காமல் "இல்லை"களை மட்டும் எண்ணினால் மதிப்பெண் பிழையாகும். இரண்டாவது, 3 முதல் 7 வரை மதிப்பெண் வந்தால் கவலைக்குரிய பதில் வந்த கேள்விகளை மட்டும் விரிவாகத் திரும்பக் கேட்கும் இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. அதைச் செய்த பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் சிலர் காரணமின்றிப் பயந்துபோகிறார்கள், சிலர் காரணமின்றி நிம்மதியடைகிறார்கள். 8க்கு மேல் என்றாலோ, சரியாக 8 என்றாலோ, இரண்டாம் கட்டத்துக்குக் காத்திராமல் அனுப்பிவிடலாம். இன்னொன்று: இது சல்லடை மட்டுமே. மதிப்பெண் குறைவாக இருந்தும் பெற்றோரின் கவலை தீரவில்லை என்றால், அந்தக் கவலையே அனுப்புவதற்குப் போதிய காரணம்.

குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். 32 வாரத்தில் பிறந்திருந்தால் வயதிலிருந்து 8 வாரத்தைக் கழிக்க வேண்டும். வீட்டில் இரண்டு மொழி பேசினால் இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை; ஒரு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பொறுக்கவே கூடாத இடங்களும் உண்டு. வந்த சொற்களோ, கண் பார்த்துச் சிரிப்பதோ எந்த வயதில் மறைந்தாலும் உடனே அனுப்புங்கள். 12 மாதத்தில் மழலை ஒலியோ கைச்சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் தானாக இரு சொல் சேர்த்துச் சொல்வதில்லை என்றாலும் அப்படியே. முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் மறுகையின் பலத்தைச் சோதியுங்கள். 18 மாதமாகியும் நடக்காத ஆண் குழந்தைக்கு ரத்தத்தில் சி.கே. என்னும் தசை நொதியின் அளவு பாருங்கள்; தசைச்சிதைவு நோயில் கல்லீரல் நொதிகளாகக் கருதப்படுபவையும் உயர்ந்திருக்கும் என்பதால், தசையை விட்டுவிட்டு ஈரலைத் தேடி அலைவது நடக்கிறது. எல்லாவற்றிலும் அவசரம், கைக்குழந்தை தூங்கி எழும் வேளையில் தலையும் கையும் வெடுக்கென மடங்கி, அடுத்தடுத்து வரும் அசைவுகள். வயிற்றுவலி என்றோ திடுக்கிடல் என்றோ அவற்றை ஒதுக்கினால், இளஞ்சிசு வலிப்பின் சிகிச்சை தள்ளிப்போகும்; தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் வளர்ச்சியைப் பாதிக்கும். தூக்கத்தையும் உள்ளடக்கிய ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) தாமதமின்றி வேண்டும்.

இப்போதெல்லாம் பெற்றோர் கையில் இன்னொரு சொல்லோடு வருகிறார்கள்: "விர்ச்சுவல் ஆட்டிசம்", அதாவது திரையை அதிகம் பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் ஆட்டிசம் போன்ற நிலை. நோய்களை வகைப்படுத்தும் கையேடுகளான டி.எஸ்.எம்-5லோ ஐ.சி.டி-11லோ அப்படி ஒரு நோயறிதல் கிடையாது. திரை நேரத்தைக் குறைக்கச் சொல்வது நல்லதுதான், சொல்லுங்கள். "போனை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அதையே மதிப்பீட்டுக்கு மாற்றாக்கினால், மூன்று மாதம் போவதோடு பழியும் தாயின் தலையில் விழுகிறது.

நீங்கள் எழுதும் பரிந்துரைக் கடிதம் பற்றி. "பேச்சுத் தாமதம், பார்க்கவும்" என்று ஒரே வரியில் வரும் கடிதத்தால் வரிசையில் யாரை முன்னால் எடுப்பது என்று எங்களால் முடிவுசெய்ய முடிவதில்லை. பிறந்த வாரம், எடை, தலைச்சுற்றளவு, வலிப்பு வந்ததா, பெற்ற திறனை இழந்ததா, செவிப் பரிசோதனை முடிவு, வினாத்தாள் மதிப்பெண், வீட்டு மொழி, பெற்றோரின் கவலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே: இவை அரைப் பக்கத்தில் அடங்கும்.

பெற்றோரிடமும் சிலவற்றைச் சொல்லி அனுப்புங்கள். இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் சில போதும்: தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, பின்னாலிருந்து பெயர் சொல்லி ஒரே ஒருமுறை கூப்பிடுவது. "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்று தூண்டாமல் எடுக்க வேண்டும். பழைய வீடியோக்களையும் அழிக்காமல் கொண்டுவரட்டும். திறன் எப்போது மறைந்தது என்பதை நினைவைவிட அவை துல்லியமாகக் காட்டும். காய்ச்சல் நாளிலோ தூங்கும் நேரத்திலோ மதிப்பீடு வைத்தால் முடிவு குழந்தையைக் குறைத்துக் காட்டும். முன்கூட்டியே பயிற்சி கொடுத்துத் "தயார்" செய்யவும் வேண்டாம்.

மதிப்பீட்டுக்கான வரிசை நீளம் என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் நோயின் பெயர் தெரியும்வரை பயிற்சியையும் நிறுத்திவைக்காதீர்கள் என்கிறோம். பேச்சுத் தாமதம் என்ற ஒன்றே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கப் போதும். மதிப்பீட்டுக்கு ஒரு கடிதம், செவிப் பரிசோதனைக்கு ஒரு கடிதம், பயிற்சிக்கு ஒரு கடிதம்: மூன்றையும் அதே சந்திப்பில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சி மதிப்பீட்டுப் பணியில் இருப்போர்