லாஹௌலுக்கும் ஸ்பிதிக்கும் நடுவே ஒரு கணவாய்

போட்டித் தேர்வு நூல்களும் பயணக் கையேடுகளும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தை ஒரே பள்ளத்தாக்காக எண்ணி எழுதும் வழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் அதைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் தண்ணீர் ஓடும் திசையைப் பாருங்கள். பாராலாச்சா கணவாய்ப் பக்கம் பிறக்கும் சந்திரா, பாகா ஆறுகள் தாண்டி என்னும் ஊரில் கூடிச் செனாப் ஆகின்றன. அதுதான் லாஹௌல். ஸ்பிதி ஆறோ தென்கிழக்கே இறங்கி, கின்னௌரில் காப் என்னும் இடத்தில் சட்லெஜில் சேர்கிறது. இரண்டு நீரையும் பிரிக்கும் மேட்டில் இருக்கிறது குன்சும் கணவாய், 4,500 மீட்டருக்கும் மேலே. பனி விழுந்தால் அது ஏறக்குறைய ஆறு, ஏழு மாதம் அடைபட்டுக் கிடக்கும்.

அடல் சுரங்கம் பற்றி எழுதும்போது சறுக்குவது இங்கேதான். 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அந்த 9.02 கிலோமீட்டர் சுரங்கம் ரோதாங் கணவாய்க்கு அடியில் போகிறது. மணாலியை லாஹௌலோடு இணைக்கிறது. ஸ்பிதிக்குப் போக அதற்கப்பால் குன்சுமையும் தாண்டியாக வேண்டும். ஆகவே "சுரங்கத்தால் லாஹௌல்–ஸ்பிதிக்கு ஆண்டு முழுதும் வழி" என்பது பாதிதான் உண்மை. ஜனவரியில் ஸ்பிதியின் தலைமை ஊரான காசாவில் இருக்கும் ஒருவர் மாவட்டத் தலைநகரான கேலாங்குக்கு வரவேண்டுமானால் கின்னௌர், ராம்பூர், சிம்லா, மண்டி, மணாலி என்று சுற்றி, பிறகு சுரங்கத்துக்குள் நுழைய வேண்டும். எழுநூறு கிலோமீட்டர் வந்துவிடும். கோடையில் இதே பயணம் இருநூறுக்குள் அடங்கும். காசாவில் கூடுதல் துணை ஆணையர் ஒருவரை அமர்த்தி, துறைகளை அவர் கீழ் கொண்டுவந்திருப்பது இந்தத் தொலைவால்தான். "தலைநகர்: கேலாங்" என்று ஒரு வரி எழுதினால், காசாவுக்கு இன்னொரு வரி கொடுங்கள்.

வரலாற்றில் பிழை இன்னும் கூடுதல். 1948 ஏப்ரல் 15 அன்று மலைச் சமஸ்தானங்களைச் சேர்த்து இமாசலம் அமைந்தபோது இந்த மாவட்டம் அதில் இல்லை. 1846-இல் சீக்கியரிடமிருந்து குல்லுவோடு லாஹௌல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதுவரை லடாக்கின் பகுதியாக இருந்த ஸ்பிதியையும் அதே ஆண்டில் தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் காங்ரா மாவட்டத்தின் குல்லுவின் கீழ் வந்தாலும், ஸ்பிதியில் உள்ளூர்த் தலைவரான நோனோவிடமே நிர்வாகத்தை விட்டுவைத்தார்கள். 1873-இல் அதற்கென்று தனி ஒழுங்குமுறைச் சட்டமும் போட்டார்கள். 1941-இல் கேலாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட துணை வட்டம், 1960-இல் பஞ்சாப் மாநிலத்தின் மாவட்டம், 1966 நவம்பர் 1 முதல் இமாசலம். பக்கத்துக் கின்னௌரும் 1960-இலேயே மாவட்டமானது, ஆனால் இமாசலத்துக்குள். அதனால் இன்று வெறும் மாவட்ட எல்லையாகத் தெரிவது 1966 வரை பஞ்சாபின் எல்லை. பழைய அறிக்கையில் "பஞ்சாப், ஸ்பிதி" என்று கண்டால் அச்சுப்பிழை என்று அடித்துவிடாதீர்கள். எந்த நிர்வாகப் பெயருக்கும் பக்கத்தில் ஆண்டைப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

மக்களடர்த்தியையும் விளக்கம் இல்லாமல் விடாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் 13,835 சதுர கிலோமீட்டருக்கு 31,564 பேர். சதுர கிலோமீட்டருக்கு இருவர். நிலத்தில் பெரும்பகுதி பனியாறும் பாறையும். ஊர்கள் ஆற்றோரத்து வயல்திட்டுகளை ஒட்டியே இருக்கின்றன.

பயணக் கையேடு எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மணாலிப் பக்கமிருந்து குன்சுமுக்குப் போகும் வழியில், கிராம்பூவிலிருந்து பாத்தல் வரை சாலையின் குறுக்கே ஓடைகள் பாய்கின்றன. வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் பிற்பகலில் வண்டியை இழுக்கும் வேகத்துக்கு வந்துவிடும். விடியலில் கிளம்பி, நண்பகலுக்குள் தாண்டச் சொல்லுங்கள். மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர், காசா 3,600-க்கும் மேல். ஒரே நாளில் ஏறினால் தலைவலியும் குமட்டலும் பிடித்துக்கொள்ளும். முதல்முறை போகிறவர்களுக்குச் சிம்லா–கின்னௌர் வழியைக் காட்டுங்கள். நாள் கூடும், ஆனால் உயரம் மெல்ல ஏறுவதால் உடம்பு பழகும். அந்த வழியில் வெளிநாட்டவர்க்கு, எல்லையோரப் பகுதிக்குள் போவதற்கான உள்கோட்டு அனுமதிச் சீட்டு (Inner Line Permit) தேவை, இந்தியருக்குத் தேவையில்லை.

இப்படிக்கு,
இமயமலை நிலவியலிலும் ஆவணங்களிலும் ஈடுபாடுள்ள வாசகர்கள்