தமிழில் எழுதிய முகவரியையும் உங்கள் படிவம் ஏற்க வேண்டும்

மத்திய, மாநில அரசுகளின் இணையதளங்களையும் இணையவழி விண்ணப்பப் படிவங்களையும் வடிவமைத்துப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், சிறியதொரு கணினி மையம் நடத்திவருகிறேன். இணைய முகவரியாக வழங்கும் டொமைன் பெயர்களில் தமிழ் எழுத்துக்கு இடம் கிடைத்த வரலாறு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2011 முடிவதற்குள் '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என மூன்று நாடுகளுக்குத் தமிழிலேயே முகவரியின் கடைசியில் வரும் ஈறுகள் கிடைத்துவிட்டன. ஆகவே இனிமேல்தான் அனுமதி தாருங்கள் என்று கேட்டு நான் எழுதவில்லை. அனுமதி பெற்ற பெயரை உங்கள் படிவங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் ஊரில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் செக்கில் ஆட்டி விற்கிறார்கள். அவர்களுக்கு இணையப் பக்கம் அமைத்தபோது, பெயரைத் தமிழிலேயே பதியலாம் என்று சொன்னவன் நான்தான். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால், ழகரத்துக்கு 'இசட் எச்' போடுபவர் உண்டு, வெறும் 'எல்' போடுபவரும் உண்டு. 'பாறை'க்கு 'ஏ' ஒன்றா இரண்டா, கடைசியில் 'ஐ' வருமா வராதா என்பதற்கும் ஆளுக்கொரு கணக்கு. நான்கு பேர் எழுதினால் நான்கு முகவரி ஆகிவிடும். தமிழில் அதற்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான். பொள்ளாச்சியில் புட்டியை வாங்குகிறவர், அதில் ஒட்டிய தாளைப் பார்த்துக் கைப்பேசியில் அப்படியே தட்டினால் பக்கம் திறந்துவிடுகிறது.

அதே பெயரில் மின்னஞ்சலும் அமைத்துக் கொடுத்தேன். குழுவின் தலைவியான அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கென்று அமைந்த முதல் மின்னஞ்சல் முகவரி அது. செக்குக் கணக்கு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் அதைத் தம் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார்.

சென்ற மாதம், சிறுதொழில் மானியம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க அந்த நோட்டோடு என் மையத்துக்கு வந்தார். மின்னஞ்சல் கட்டம் வந்ததும், "இதை நானே போடறேன்" என்று சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கட்டத்தின் ஓரம் சிவந்தது. சரியான மின்னஞ்சல் முகவரியைத் தரவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அந்த வரி அவருக்குப் புரியவில்லை, சிவப்பு புரிந்தது. அழித்துவிட்டு மறுபடியும் தட்டினார். மூன்றாவது முறை, இடது கை விரலை நோட்டில் உள்ள எழுத்தின்மேல் வைத்து, நிறுத்தி நிறுத்தித் தட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் எழுத்தைத் தப்பா எழுதிட்டனா, தம்பி?" என்று கேட்டார். அவர் எழுதியதில் ஓர் ஒற்றெழுத்துகூடப் பிழையில்லை. தம் பெயரைச் சரியாக எழுதிய ஒருவரைப் பார்த்துத் தவறு என்று சொன்னது உங்கள் படிவம்.

கடைசி நாள் நெருங்கிவிட்டதால் ஆங்கில எழுத்தில் உள்ள என் சொந்த முகவரியைப் போட்டு அனுப்பினோம். மூன்று நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும் என்று வந்த மடல் என் பெட்டிக்கு வந்தது. அப்போது நான் என் தந்தைக்குத் துணையாகக் கோயம்புத்தூரில் மருத்துவமனையில் இருந்தேன். நான்காம் நாள்தான் பார்த்தேன். விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. நான் பார்க்கத் தவறியது என் குற்றம்தான். அதை அவரிடமும் சொன்னேன். ஆனால் அவருக்குச் சேர வேண்டிய கடிதம் என் பெட்டிக்கு ஏன் வர வேண்டும்?

தொழில்நுட்பத் தடை இருப்பதாகச் சிலர் சொல்லக்கூடும். பெயர்களைத் தேடித் தரும் வழங்கிகளுக்கு (சர்வர்களுக்கு) தமிழ் எழுத்து நேராகப் போவதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2003இல் வகுக்கப்பட்ட ப்யூனிகோடு முறைப்படி, 'எக்ஸ் என்' என்ற இரண்டு எழுத்தும் இரண்டு சிறுகோடும் முன்னால் நிற்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாறித்தான் அது போகிறது. அந்த வேலையை உலாவியே செய்துகொள்கிறது. மின்னஞ்சலின் முற்பகுதியிலும் பிற மொழி எழுத்துகள் வருவதற்கான தரம் 2012இலேயே வெளிவந்துவிட்டது. எங்களைத் தடுத்து நிறுத்துவது, ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் தவிர வேறு எது வந்தாலும் தவறு என்று எப்போதோ எழுதிவைத்த ஒரு சோதனை வரி. அதை மாற்ற வேண்டும். மடல் அனுப்பும் வழங்கியில் 2012ஆம் ஆண்டின் தரத்தை இயக்க வேண்டும். தரவுத்தளம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் வரும் எழுத்துகளைச் சிதைக்காமல் வைத்திருக்க வேண்டும். செய்ய முடியாத வேலை எதுவும் இதில் இல்லை.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. அதை நான் ஒதுக்கவில்லை. தமிழ் எண் ஏழும் 'எ' என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என்று பிரித்துத் தட்டினாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எல்லையில் வாழும் எங்களுக்கு, மலையாள 'ஜ'வும் தமிழ் 'ஜ'வும் எவ்வளவு நெருங்கியவை என்பதும் தெரியும். இவற்றையெல்லாம் எழுத்து எழுத்தாக ஆராய்ந்து, எது எதற்கு மாற்றாகத் தோன்றக்கூடும் என்று வல்லுநர் குழுக்கள் வரையறுத்திருக்கின்றன. பிராமி வழிவந்த ஒன்பது எழுத்துமுறைகளுக்கு அதற்கெனவே ஒரு குழு வேலை செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் சிறிய 'எல்' எழுத்தும் எண் ஒன்றும், 'ஓ'வும் சுழியமும் குழம்புகின்றன என்பதற்காக ஆங்கில முகவரியை யாரும் தடுக்கவில்லை. அங்கே காட்டிய பொறுமையை எங்களிடமும் காட்டுங்கள்.

குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த வழிசெய்கிறது. காகிதத்தில் எங்களுக்கு இருக்கும் உரிமை, அதே விண்ணப்பம் கணினிக்கு வந்ததும் எங்கே போயிற்று? மலையாளத்தில் உள்ள பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறோம். அலுவலகத்தில் வாங்கும் ரசீதைப் படித்துச் சொல்லப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறோம். பலவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்தே பழகிய எங்களுக்கு, நம் எழுத்திலேயே நம் முகவரி என்று கிடைத்த ஒன்றையும் பறிப்பது என்ன நீதி? சினம் சற்று மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இது மலையாளத்துக்கு எதிரான மடலும் அன்று. மலையாள எழுத்தில் நாட்டின் பெயர் ஈறாக வந்தது எங்களுக்கும் பின்னால்தான். நாளை என் பக்கத்துக் கடைக்காரர் தம் மொழியில் முகவரி வைத்துக்கொண்டால், இதே சிவப்புக் கட்டம் அவரையும் மறிக்கும்.

எனவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: தமிழில் எழுதிய முகவரியை உங்கள் படிவங்கள் ஏற்க வேண்டும். புதிய படிவம் ஒன்றை வெளியிடும் முன், ஆங்கில முகவரியை இட்டுச் சோதிப்பதுபோல, தமிழ் முகவரி ஒன்றையும் மலையாள முகவரி ஒன்றையும் இட்டுச் சோதியுங்கள். சோதனைக்கு முகவரி வேண்டுமென்றால் நான் தருகிறேன். மாற்றம் முடியும்வரை, இந்தக் காரணத்தால் பிறர் முகவரியைத் தர நேர்ந்தவர்களுக்கு உறுதிசெய்யும் கெடுவை மூன்று நாளிலிருந்து நீட்டித்துத் தாருங்கள். கைப்பேசி எண் வழியாகவும் உறுதிசெய்ய விடுங்கள்.

அந்த மானியத்துக்கு மறுபடியும் விண்ணப்பம் கேட்கும்போது அக்கா வருவார். நோட்டின் முதல் பக்கத்தை அவர் இன்னும் கிழிக்கவில்லை. வேறு யாருடைய முகவரியையும் போடப்போவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் உங்கள் படிவத்தைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் கணினி மையம் நடத்துபவன்