எழுந்து நிற்கும் வலிமை

தக்கலை,
ஐப்பசி மாதம்.

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேத்திக்கு வேலை அமைந்ததையும், உன் துணைவியாரின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததையும் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் முழங்கால் வலிக்குப் பயந்து காலை நடையை நிறுத்திவிட்டதாகவும், கடைக்குப் போவதையும் மாடிப்படி ஏறுவதையும் விட்டுவிட்டதாகவும், 'இந்த வயதில் இனி ஓய்வுதானே' என்றும் நீ எழுதியிருந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பற்றி மட்டுமே இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். ஊர்ச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

என் அக்காவை உனக்கு நன்றாகத் தெரியும். பள்ளி விட்டு வந்தால் நம் இருவருக்கும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்துத் தந்தவள். எழுபத்தெட்டு வயதிலும் கிணற்றடியில் தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஆடிச் சாரலில் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, மருத்துவமனையில் பல நாள் படுத்திருக்க நேர்ந்தது. காய்ச்சல் தணிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறொரு கஷ்டம் தெரிந்தது: யாராவது கைகொடுக்காமல் அவளால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. நோய் போய்விட்டது, கால்களில் இருந்த வலுவும் அதோடு போய்விட்டது. நல்ல உடல்நலத்துடன் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2007-இல் வெளியான அதன் முடிவின்படி, அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதை நினைத்துப் பார்.

அக்காவைப் பார்க்க இயன்முறை மருத்துவரான ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்தார். நடக்கச் சொல்வார் என்று நினைத்தோம். அவரோ மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அக்காவை அதில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. உடனே இரண்டு தலையணைகளை மடித்து இருக்கையின் மேல் வைத்து உயரத்தைக் கூட்டினார். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துவைத்து, உடம்பை முன்னால் சாய்த்து எழச் சொன்னார். அக்கா எழுந்துவிட்டாள். "உட்காரும்போது தொப்பென்று விழாதீங்க அம்மா, நாலு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்க, பாதி வேலை அதில்தான் இருக்கிறது" என்றார் அந்தப் பெண். காலையிலும் மாலையிலும் இதையே செய்யவைத்து, வாரங்கள் செல்லச் செல்லத் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு அடுக்களைத் திண்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு ஒரு காலில் நிற்பது என்று வளர்ந்தது. கார்த்திகைக்குள் கிணற்றடிக்குப் போய்விடுவேன் என்கிறாள். போய்விடுவாள் என்றே நானும் நம்புகிறேன்.

இதைக் கண்ணால் பார்த்த பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். தசை முப்பது வயதுக்கு மேல் மெல்லக் குறையத் தொடங்கி, அறுபதைத் தாண்டியதும் விரைவாகக் குறைகிறது. தசையின் அளவைவிட அதன் வலிமை இன்னும் வேகமாகக் குறைகிறது. அதிலும் விசையாகச் சுருங்கும் இழைகள்தான் முதலில் மெலிகின்றன. கால் வழுக்கும் நொடியில் மற்றொரு காலைச் சட்டென்று எடுத்துவைத்து உடம்பைத் தாங்குவது அந்த இழைகளின் வேலை. அதனால்தான் நாள்தோறும் நடக்கிறவர்கள்கூட ஒரு சிறு தடுக்கலில் விழுந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பதோடு நிறுத்தாமல், தசையை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவதும், சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சியை மூன்று நாளாவதும் செய்ய வேண்டும் என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. நம் ஆட்களுக்கு முதல் பாதிதான் தெரியும். நடந்தால் போதும் என்று நினைக்கிறோம். நடை நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் உறக்கத்துக்கும் நல்லது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும் வலிமையை அது மட்டும் தந்துவிடாது.

வயது கடந்துவிட்டது என்று நீ சொல்வாய். பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான, உடல் தளர்ந்த பத்துப் பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரப் பயிற்சியை முடித்த ஒன்பது பேருடைய தொடையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இது 1990-இல் வெளியான ஆய்வு. இன்னொன்று 2014-இல் வந்தது: எழுபது முதல் எண்பத்தொன்பது வயது வரையிலான, அதிகம் நடமாடாமல் இருந்த 1,635 பேரை இரண்டரை ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததில், நடையும் வலிமையும் சமநிலையும் சேர்ந்த பயிற்சியைச் செய்தவர்களிடம் நடமாட்டத்தை இழக்கும் நிலை, உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் 18 சதவீதம் குறைவாக இருந்தது. தொண்ணூறு வயதுத் தசையே பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்றால், உனக்கும் எனக்கும் என்ன வந்தது?

நம் சிறுவயதில் இதற்கெல்லாம் யாரும் பயிற்சி என்று பெயர் சொல்லவில்லை. தரையில் சம்மணமிட்டு உண்டு எழுந்தோம், குந்தியிருந்து அடுப்பு ஊதினார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், வயலில் குனிந்து நாற்று நட்டார்கள். இப்போது சாப்பாட்டு மேசையும் மேல்நாட்டுக் கழிப்பறையும் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அவை பெரிய உதவி. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்து உட்காரும் வேலையை அவை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட பிறகு, அதை வேறு வழியில் நாமே உடம்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாசி சிவராத்திரியில் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சிவாலய ஓட்டத்தில், கையில் விசிறியும் வாயில் 'கோவிந்தா, கோபாலா'வுமாக நரைத்த தலைகள் சில இன்றும் போவதை நான் பார்க்கிறேன். வேனில் போகிறவர்களே இப்போது அதிகம் என்றாலும், கால்நடையாகப் போகும் அந்த முதியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ரப்பர் பால்வெட்டும் தோட்டத்திலோ வயலிலோ உழைத்தவர்களாக இருக்கிறார்கள்.

உன் முழங்காலுக்கு வருகிறேன். மூட்டுத் தேய்மானத்துக்கு ஓய்வு மருந்தல்ல. தொடையின் முன்புறத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைத்தான் மருத்துவர்கள் முதல் சிகிச்சையாகச் சொல்கிறார்கள். அந்தத் தசை மெலிந்தால் மூட்டைத் தாங்க ஆளில்லாமல் வலி கூடும், வலி கூடினால் நீ இன்னும் அசையாமல் இருப்பாய். பயிற்சியின்போது கொஞ்சம் நோவு இருந்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே நின்றாலோ மூட்டு வீங்கினாலோ அளவைக் குறைத்துக்கொள். நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வழக்கமில்லாத மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போ. நீ இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவன் என்பதால், படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்திருந்துவிட்டு எழு. நடக்கும் வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்று முடித்துக்கொள்கிறாயே, அது தசைக்குப் போதாது. நம் வயதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று முதியோர் உணவு வல்லுநர்கள் சொல்கிறார்கள். நெத்திலியோ முட்டையோ சிறுபயறோ தயிரோ மூன்று வேளையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதே.

நான் அதிகாலையில் குமாரகோவில் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். எங்கள் வயதுக்காரர்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். ஒருவர் வராவிட்டால் அன்றே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறோம். மனைவியை இழந்த பிறகு யாரோடும் பேசாமல் இருந்த ஒரு நண்பர் இந்தக் கூட்டத்தில்தான் மறுபடி வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். மழைக்காலத்தில் முற்றமும் படிகளும் பாசி பிடித்துக் கிடப்பதால், சுண்ணாம்புத்தூளைப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதும் குளியலறையில் கைப்பிடி பதிப்பதும் பயிற்சியைப் போலவே முக்கியம் என்று ஆளாளுக்குச் சொல்லி வருகிறேன். நீ இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் நம் வயதுக்காரர்கள் இல்லாமல் போக மாட்டார்கள். நீயே போய் அழைத்துப் பார்.

இன்றே ஒன்று செய்: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, மகள் பக்கத்தில் நிற்க, கைகளைக் கட்டிக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் குறித்துவைத்து எனக்கு எழுது. அருகில் இயன்முறை மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் பயிற்சிகளையும் எழுதி அனுப்பு. நம் ஊருக்கு வரும்போது சிதறால் மலைக்கு மெதுவாக ஏறிப் போகலாம் என்று பேசிவைத்தோமே, அதைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் தெரிவி.

அன்புடன்,
உன் பழைய தோழன்