சித்தப்பாவுக்கு: மோர்ஸ் இல்லாமல்தான் எழுதப்போகிறேன்

சித்தப்பா,

நாளையோடு ஒரு வருஷம். திதி ஏற்பாடெல்லாம் சித்தி உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஒப்பித்தாயிற்று. நான் சொல்ல வந்தது வேறு. ஹாம் ரேடியோ உரிமத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். மோர்ஸ் கேட்கும் ஜெனரல் இல்லை, மோர்ஸ் கேட்காத ரெஸ்ட்ரிக்டட். ஆமாம், வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறிதான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேளுங்கள்.

தியரி, விதிமுறை என்று இரண்டு பகுதி; ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம் எடுக்க வேண்டும், மொத்தத்தில் 50. இரண்டிலும் நாற்பது நாற்பது என்றால் தோல்விதான். பலர் இதைக் கவனிக்காமல் "நாற்பது போதும்" என்று போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். விதிமுறைப் பகுதியில் எழுபதைத் தாண்டிவிட்டால் தியரியில் கொஞ்சம் வழுக்கினாலும் தாங்கும். அதனால் முதலில் அதைத்தான் எடுத்தேன். நீங்கள் தியரியிலிருந்துதான் தொடங்கச் சொல்வீர்கள். "ரெசனன்ஸ் புரியாம க்யூ கோடு ஒப்பிக்கறது கிளி வேலை கண்ணு" என்பீர்கள். கிளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒன்றில் மட்டும் நீங்கள் சொன்னதுதான் சரி. வெளிநாட்டுக் கேள்வித் தொகுப்பை வைத்துப் படித்தால் கவிழ்ந்துவிடும். அமெரிக்காவில் 40 மீட்டர் பேண்டு 7.3 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், நமக்கு 7.2 தான். 2 மீட்டர் அவர்களுக்கு 148 வரை, நமக்கு 146. செயலியில் பச்சை டிக் விழுந்த விடை இங்கே தப்பாகிவிடும். க்யூ கோடில் க்யூஆர்எம்-க்கும் (மனிதரால் வரும் குறுக்கீடு) க்யூஆர்என்-க்கும் (இயற்கை இரைச்சல்) நீங்கள் சொன்ன வழியைத்தான் வைத்திருக்கிறேன்: பக்கத்து வீட்டுத் தறி மோட்டார் க்யூஆர்எம், ஏற்காட்டு இடி க்யூஆர்என்.

ஏற்காடு லேடீஸ் சீட் சாயங்காலத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே சேலத்தில் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. கன்னங்குறிச்சி வீட்டு வாசலில் நின்றால் நாலு தெரு தாண்டாத அதே கையடக்க ரேடியோ, அந்த ஹேண்டி, அதே 5 வாட். அங்கிருந்து அழைத்ததும் ஈரோட்டுக்காரர் பக்கத்துத் திண்ணையில் இருப்பதுபோலப் பதில் சொன்னார். உங்கள் பையில் எப்போதும் கிடக்கும் பஸ் டிக்கெட் ஒன்றின் பின்னால் எழுதிக் காட்டினீர்கள்: மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கு, அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். சமவெளிக்கு மேல் 1,200 மீட்டர் என்று வைத்தால் 143 கிலோமீட்டர். "வாட்டைக் கூட்டறவன் முட்டாள், ஆன்டெனாவை ஏத்தறவன் புத்திசாலி." கீழே வந்த பிறகு வடக்கே தர்மபுரிப் பக்கம் ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஏற்றிவிட்ட அதே மலை குறுக்கே நிற்கிறது.

அன்றைக்குப் பேசும்போது அமுக்கும் பி.டி.டி. பொத்தான் யார் கையில் இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் நண்பர்கள் சிலர் இதைப் படிக்கிறார்கள். விதிமுறைப் பகுதி இப்போது எனக்கு நன்றாகத் தெரியும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரனில் மோர்ஸாக "வி.யூ." அடித்தீர்கள், டிடிடிடா, டிடிடா. சிரித்துக்கொண்டே வந்தேன். அடிவாரம் வந்ததும், "மோர்ஸ்ல எட்டுச் சொல் வாங்காதவங்களுக்கு இதெல்லாம் பொம்மை" என்றீர்கள். அது இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

முன்பு ஜெனரலுக்கான மோர்ஸ் தேர்வில் நான் பென்சிலைக் கீழே வைத்தது சோம்பலால் அல்ல. நிமிஷத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் கேட்டு எழுதுவது என்றால் ஐந்து நிமிஷத்தில் 200 எழுத்து. ஒரு எழுத்து விட்டுப்போனது. அதைத் துரத்திக்கொண்டு போனதில் அடுத்த நாலும் போயின. விட்ட இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவ வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? காலண்டர் தாளின் பின்னால் புள்ளியும் கோடுமாக எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னீர்கள். கண்ணால் கற்றதைக் காது திரும்ப எண்ணிப் பார்க்கிறது, எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடுகிறது. ஒவ்வொரு எழுத்தையும் 15 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு இடைவெளியை மட்டும் நீட்டியிருக்க வேண்டும். கே, எம் இரண்டில் தொடங்கி, நூற்றுக்குத் தொண்ணூறு சரியான பிறகு அடுத்த எழுத்து. அது தெரியாமல் போனதற்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது, உங்களுக்கும் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனால் இது உங்களுக்குத் தெரியும்: ஐந்து பிழைக்கு மேல் போனாலும், ஏதாவது ஒரு நிமிஷம் தொடர்ச்சியாகப் பிழையில்லாமல் எழுதியிருந்தால் பாஸ். வெறும் நாற்பது எழுத்து. உங்கள் விதிப் புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடே இருக்கிறது. சொன்னால் நான் மெத்தனமாகிவிடுவேன் என்று நினைத்தீர்களா? சொல்லியிருந்தால் பென்சிலைக் கீழே வைத்திருக்க மாட்டேன் சித்தப்பா.

என் பக்கமும் ஒன்று பாக்கி இருக்கிறது. வெள்ளையடிக்கும்போது உங்கள் டைபோல் ஆன்டெனாவை, அந்த இரண்டு கைக் கம்பியை, இறக்கியது நான்தான். சித்தியிடம் காற்றில் அறுந்தது என்று சொன்னேன். அவிழ்க்கப் பொறுமையில்லாமல் இன்சுலேட்டருக்குப் பக்கத்திலேயே கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டேன். தினமும் அண்ணாந்து பார்க்க முடியவில்லை என்பதும் உண்மை. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு, 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் மொத்த நீளம் 20.14, கைக்கு 10.07 மீட்டர். இப்போது இரண்டு கையிலும் பத்துப் பத்து சென்டிமீட்டர் குறைகிறது, ஆன்டெனா ஒத்திசையும் அலைவெண் கிட்டத்தட்ட 70 கிலோஹெர்ட்ஸ் மேலே போய்விடும். ஒட்டுப்போட்டால் ஈரம் புகுந்து பச்சை பிடிக்கும். அதனால் புதுக் கம்பி, கைக்கு 10.3 மீட்டர் வெட்டி, ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்துப் பார்த்து நுனியை மடக்கிக் கட்டப்போகிறேன், நறுக்கமாட்டேன். மாமரத்துப் பக்கக் கயிறும் வெயிலில் இற்றுப்போயிருக்கிறது. நாளை திதி முடிந்ததும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் 6 எம்.எம். நைலான் வாங்கிவருகிறேன். சித்தியிடமும் நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.